தலைவராக ஆடியவர் பயிற்சியாளராக வளர அவகாசம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய உலக ரக்பி அமைப்பின் ஆட்சிக் குழுவினருக்கும் உறுப்புச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். நாட்டுக்காக ஆடி ஓய்வுபெற்ற ஒருவரைத் தேசிய அணியின் பொறுப்பில் அமர்த்தும் முன், அவர் பெயருக்கு எழும் கைதட்டலோடு, பயிற்சியாளராக அவர் எத்தனை பருவங்கள் உழைத்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

மார்ட்டின் ஜான்சனுக்கு நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2003 உலகக் கோப்பையை இங்கிலாந்துக்கு வென்று தந்த தலைவர் அவர். 1997, 2001 ஆகிய இரு பயணங்களில், பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணிக்கும் தலைமை ஏற்றவர். அதுவரை எந்த அணிக்கும் பயிற்சியோ மேலாண்மையோ செய்திராத அவரிடம் 2008இல் இங்கிலாந்து அணியே ஒப்படைக்கப்பட்டது. 2011இல் ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் தொடரை வென்றும், அதே ஆண்டு உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சிடம் தோற்ற பின், நவம்பரில் அவர் பதவி விலகினார். அந்த முடிவுக்கு அவரைவிட, நீச்சல் பழகாதவரை நடுக்கடலில் இறக்கிவிட்டவர்களே கூடுதல் பொறுப்பு என்பது என் கருத்து.

ஆடுவது ஒரு தொழில், ஆடக் கற்றுக்கொடுப்பது வேறொரு தொழில். இரு அணிகளின் முன்கள வீரர்களும் கோத்து நின்று பந்துக்காகத் தள்ளும் ஸ்கிரம்மில், நடுவர் குனியச் சொல்லி, பற்றச் சொல்லி, இணையச் சொல்லும் அந்தச் சில நொடிகளுக்குள் தேர்ந்த முன்வரிசை வீரரின் இடுப்பு தாழ்ந்து, முதுகு நேராகி, எதிராளியின் சட்டையைப் பற்றிய கை அவர் எந்தப் பக்கம் அழுத்தப் போகிறார் என்பதை அறிந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஊறிப்போன அந்த அறிவை அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார். இருபது வயது இளைஞர் ஒருவர் அதைப் பற்றிக் கேட்கும்போது, கால் விரல் எங்கே ஊன்றுவது, தோள் எப்போது இறங்குவது என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்லும் திறமை, தவறு செய்தாலும் பெரிதாகாத சிறிய களங்களில்தான் கைகூடும். சர்வதேச ஆட்டம் ஒன்றில்கூட ஆடாத பள்ளி ஆசிரியராக இருந்த ஜோ ஷ்மிட் 2018இல் அயர்லாந்துக்குக் கிராண்ட் ஸ்லாம், அதாவது ஆறு நாடுகள் தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெற்றி, பெற்றுத் தந்ததும், பிசியோதெரபிஸ்டாகத் தொடங்கிய ஜாக் நீனாபர் தென்னாப்பிரிக்காவின் தலைமைப் பயிற்சியாளராக 2023 உலகக் கோப்பையை வென்றதும் இதற்குச் சான்று.

ஆண்டி ஃபாரெல் வந்த பாதை உங்கள் கவனத்துக்குரியது. அணிக்குப் பதின்மூவர் ஆடும் லீக் ரக்பியில் புகழ்பெற்று, பின்பு பதினைந்து பேர் ஆடும் யூனியன் ஆட்டத்துக்கு மாறிய அவர், ஓய்வுக்குப் பின் சாரசென்ஸ் கழகத்தில் பயிற்சியாளரானார். பிறகு இங்கிலாந்து அணியின் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவரானார். 2015இல் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையின் குழுச் சுற்றிலேயே இங்கிலாந்து வெளியேற, அந்தப் பொறுப்பும் போயிற்று. அயர்லாந்து அடுத்த ஆண்டே அவரைத் தற்காப்புப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. தலைமைப் பொறுப்பை 2019 உலகக் கோப்பை முடிந்த பிறகே தந்தது. 2022இல் நியூசிலாந்து மண்ணில் ஆட்டத் தொடரில் வெற்றியும், 2023இல் கிராண்ட் ஸ்லாமும், 2025இல் லயன்ஸ் அணியோடு ஆஸ்திரேலியாவில் ஆட்டத் தொடரில் வெற்றியும் அதன்பின் வந்தவை. தோற்றவரைத் தூக்கி எறியாமல் ஒரு சங்கம் கொடுத்த இரண்டாவது வாய்ப்பின் பலன் இது.

எல்லா நாட்டு வீரருக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. ஃபிஜியின் முன்னாள் தலைவர் சைமன் ரைவாலுய் 2023இல் உலகக் கோப்பைக்குச் சில மாதங்களே இருந்தபோது பொறுப்பேற்றும், ஆஸ்திரேலியாவை 22-15 என்று வென்று, அணியைக் காலிறுதிவரை அழைத்துச் சென்றார். அவரும் தம் நாட்டுக்கு வெளியே பல ஆண்டுகள் பயிற்சிப் பணி பழகியவர்தான். ஃபிஜி, சமோவா, டோங்கா நாடுகளிலிருந்து எத்தனையோ வீரர்கள் வெளிநாட்டுக் கழகங்களுக்காக உடலைத் தேய்க்கிறார்கள்; ஆட்ட வாழ்வு முடியும் நாளில் பயிற்சித் தொழிலுக்குள் நுழைய அவர்களுக்கு வாசல் குறைவு.

எனவே, தேசிய அணியின் தலைமைப் பொறுப்புக்கு முன் கழக அளவிலோ இளையோர் அணியிலோ சில பருவங்கள் பணியாற்றியிருப்பதை உறுப்புச் சங்கங்கள் நிபந்தனையாக்கட்டும். கடைசி ஒப்பந்தக் காலத்திலேயே, ஆண், பெண் வீரர் இருபாலாரும் ஊதியத்தோடு பயிற்சிப் பணி பழக நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். பசிபிக் தீவு வீரர்களுக்கான செலவை உலக அமைப்பே ஏற்கட்டும். அடுத்த உலகக் கோப்பை 2027இல் ஆஸ்திரேலியாவில் நடக்கவிருக்கிறது. அதில் ஆடிவிட்டு விடைபெறப் போகிறவர்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

மிக்க மதிப்புடன்,
ரக்பியை நேசிக்கும் ஒரு பார்வையாளர்