குளத்துச் செலவை நெல்லின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
குளத்துப் பாசன விவசாயிகளும் ஊர்ப் பொதுமக்களும்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: குளம் சீரமைப்புப் பணிகளைத் தேர்வு செய்கையில் பாசனத்தோடு மற்றப் பயன்களையும் கணக்கில் எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் குளத்தைத் தூர்வாரி, மடையையும், மிகுதித் தண்ணீர் வெளியேறும் மறுகாலையும் கட்டித் தரும்படி மூன்று வருஷமாக எழுதி வருகிறோம். வந்து அளந்தார்கள், மதிப்பீடும் போட்டார்கள். பட்டியலில் மட்டும் எங்கள் குளம் இல்லை. கேட்கப் போனபோது சொன்ன காரணம் ஒன்றுதான்: செலவை ஆயக்கட்டு ஏக்கரால், அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயலின் பரப்பால், வகுத்தால் தொகை அதிகமாக வருகிறது, பக்கத்துக் குளத்துக்குக் குறைவாக வருகிறது.

வகுத்தது சரிதான், வகுக்க எடுத்த எண்தான் சரியில்லை. வயலில் பெரும்பங்கு வாழையும் தென்னையும் ஆகிவிட்டது, சில இடத்தில் மனைக்கல்லும் நட்டாயிற்று. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் விதைக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நெல் குறையக் குறைய ஏக்கர்ச் செலவு ஏறும், அது ஏற ஏறக் குளம் பட்டியலில் கீழே போகும். தூர்ந்த குளத்தில் தண்ணீர் நிற்காது. அப்புறம் இருக்கிற நெல்லும் போகும். வாழையும் தென்னையும் நிற்பது கிணற்றுத் தண்ணீரில். அந்தக் கிணறு ஊறுவது குளத்தால். ஏட்டில் இது எங்கும் இல்லை.

போன வருஷம் மறுகால் உடைந்து, மாசியிலேயே குளம் வறண்டது. கரைக்குக் கீழ்த் தெருவில் கிணற்றுக் கயிற்றை இரண்டு பாகம் கூட்டிக் கட்டினோம். அப்படியும் வாளியில் பாதி சேறு. பிறகு லாரியில் தண்ணீர் வந்தது. அந்த வாடகை வேறு தலைப்பில் போவதால் குளத்துக் கணக்கு பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. 2021 நவம்பர் மழையில் இந்த மாவட்டம் பட்ட பாடு தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாததல்ல. குளத்தில் இடம் இருந்தால் கீழ்த் தெருவுக்குள் ஏறும் வெள்ளம் அந்த அளவுக்குக் குறையும்.

இதற்காக எல்லாவற்றையும் அள்ளிக் கூட்டச் சொல்லவில்லை. கிணற்று நீரின் மதிப்பையும் மிச்சமாகும் லாரி வாடகையையும் தனித்தனியாக எழுதினால் ஒரே தண்ணீருக்கு இரண்டு விலை ஆகிவிடும். கும்பப்பூவுக்குக் குளம் நிறைந்திருக்க வேண்டும், வெள்ளம் தாங்கக் காலியாக இருக்க வேண்டும். ஒரே கொள்ளளவை இரண்டு பக்கமும் முழுசாக எழுத முடியாது. மீன் குத்தகைக்காரர் கடைசித் தண்ணீரைத் திறக்க விடமாட்டார். அந்தச் சண்டை மடையடியில் வருஷா வருஷம் நடப்பதுதான். தூர்வாரும் கூலி ஊருக்குள்தானே வருகிறது, அதையும் பயனில் சேருங்கள் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். கூலி செலவுப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டோம்.

மதிப்பீட்டில் மடைக்கு ஆகும் செலவு பாசனத்துக்கு உரியது. படித்துறைச் செலவு குளிக்க, துவைக்க வருகிறவர்களுக்கு உரியது. கரையும் தூர்வாருதலும் எல்லாருக்கும் பொது. அந்தப் பொதுச் செலவு முழுவதையும் நெல்லின் தலையில் கட்டியதால்தான் ஏக்கர்த் தொகை வீங்கியிருக்கிறது. தனிச்செலவைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைக் கிடைக்கும் பயனுக்கு ஏற்பப் பங்கிடுவது பல்நோக்கு அணைகளுக்கு வழக்கத்தில் உள்ள முறைதான். பாசனத் திட்டங்களை அரசுக்கு வரும் வருமானத்தை வைத்து எடைபோட்ட பழக்கத்தை மாற்றி, பயனுக்கும் செலவுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கச் சொன்னது 1964-ல் பொருளாதார அறிஞர் காட்கில் தலைமையிலான குழு. பெரிய அணைக்கு ஆகுமென்றால் ஊர்க்குளத்துக்கும் ஆகும்.

ரூபாயில் அடங்காததை அப்படியே எழுதலாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே இறங்கும் பறவைக்கு விலை போட வேண்டாம், எண்ணிக்கை போதும். எங்கள் குளத்துக்கும் ஒரு கட்டத்தில் ஏக்கர், ஒரு கட்டத்தில் கிணறு, ஒன்றில் வெள்ளத்துக்குத் தப்பும் வீடு என்று இருந்தால், முடிவெடுப்பவர் எதை விட்டு எதை எடுத்தார் என்பது ஊருக்கும் தெரியும்.

ஆகவே எங்கள் குளத்தையும் பக்கத்துக் குளத்தையும் ஒரே அளவுகோலில் மறுபடி கணக்கிட்டு, அந்தத் தாளை அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். அப்போதும் பக்கத்துக் குளமே முந்தினால் நாங்கள் மறுபடி மனு கொடுக்க மாட்டோம். கீழ்த் தெருக் கிணறுகளின் தண்ணீர் மட்டத்தை ஒரு நோட்டில் மாதாமாதம் குறித்து வருகிறோம். அளக்க வருகிறவர்களிடம் அதைத் தருகிறோம். எந்தக் குளம் முந்தினாலும், உடைந்த மறுகாலை மட்டுமாவது ஐப்பசி மழைக்கு முன் கட்டித் தரக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)