மாடி வீட்டுச் சாவி

சிம்மக்கல், மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள தாயி,

நேற்று நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. சளி பிடித்துக் குரல் கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை பேசும்போது இரண்டு இருமல் இருமிவிடு. முப்பத்து நாலு வருஷமாக லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்து "ரூம் இல்லைங்க" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! என் மகளுக்கே ஓர் ஊரில் இடமில்லை என்றதும் எனக்கு வாயடைத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை நீட்டமாட்டேன் என்கிறார், இனி சில மாதம் தங்கிப் போகிறவர்களுக்குத்தான் விடப் போகிறாராம் என்றாய். கீழ்த்தளத்து ஃபிளாட் ஏற்கெனவே டூரிஸ்ட் ஃபிளாட். ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டிச் சக்கரம் படிக்குப் படி இடித்துக்கொண்டு ஏறுகிற சத்தத்தை நீ வாயாலேயே செய்து காட்டினாய். "இந்த டூரிஸ்ட்டுகளக் கண்டாலே பத்திக்கிட்டு வருதுப்பா" என்றாய். 2024 ஜூலையில் உங்கள் பார்சிலோனாவில் ஊர்வலம் போனவர்கள், ஓட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்களே, அந்தப் படத்தை அன்றைக்குச் சிரிப்புப் பொம்மை போட்டு எனக்கு அனுப்பியவள் நீ. இப்போது உனக்கே ஒன்று வாங்கலாம் போலிருக்கிறது என்கிறாய்.

நீ சொன்னதிலேயே எனக்கு மனதில் நின்றது அந்த 116-ஆம் நம்பர் பஸ் கதை. மேட்டுத் தெருக்களில் ஏறுகிற சின்ன பஸ். கூயெல் பூங்காவுக்குப் போகிறவர்கள் போனில் பார்த்துப் பார்த்து அதிலேயே ஏறிக்கொள்ள, காய்கறிப் பையோடு நிற்கிற அந்தப் பகுதிக் கிழவிகளுக்கு இடமில்லாமல் போயிற்று. கடைசியில் மாநகராட்சி சொல்லி, அந்தத் தடத்தையே கூகுள் வரைபடத்திலிருந்து எடுக்க வைத்தது. பஸ் அதே பஸ், ஓடுகிற நேரமும் அதேதான். வரைபடத்தில் இல்லை என்றதும் கூட்டம் இல்லை.

இதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. வெளியூர்க்காரர் எந்த வழியாகப் போவார், எங்கே படுப்பார் என்பதை அவர் முடிவு செய்வதே கிடையாது. என் தொழிலில் முதலில் படித்த பாடம் அது. நான் சேர்ந்த காலத்தில் ஆட்டோக்காரர் முடிவு செய்தார். ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறவர் டவுன்ஹால் ரோட்டில் நடந்தால் பத்து நிமிஷத்தில் லாட்ஜ், கால் மணியில் கோவில். ஆனால் ஆட்டோவில் ஏறிவிட்டால், எந்த லாட்ஜ் அவருக்குக் கமிஷன் தருகிறதோ அதுதான் "மதுரையிலேயே நல்ல ரூம்". அந்தக் கமிஷன் ரூம் வாடகைக்குள்ளேயே இருக்கும். நானே எவ்வளவோ எழுதிக் கொடுத்திருக்கிறேன், மறைப்பானேன். சித்திரை வீதியில் "மாடியிலிருந்து கோபுரம் பாருங்க, ஃப்ரீ" என்று கூட்டிப்போய்க் கம்பளம் விற்கிற கடைகளும் இதே ஜாதிதான். இப்போது அந்த வேலையைப் போன் செய்கிறது, கமிஷனும் வாங்குகிறது. என்ன, ஆட்டோக்காரரிடம் சண்டையாவது போடலாம்.

பெரிய வண்டிகளில் வருகிறவர்களுக்கு டிரைவர்தான் எல்லாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் முதலாளி மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு எட்டுக் கட்டில் போட்டது நினைவிருக்கிறதா? அதில்தான் நீ உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். அது டிரைவர்களுக்கு. ராமேஸ்வரத்திலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற டிரைவர், வண்டிக்குள்ளே இருக்கிற குடும்பத்துக்கு ஏசி ரூம் இருக்கிறதா என்று முதலில் கேட்கமாட்டார். "அண்ணே, டிரைவருக்கு இடம் இருக்கா?" என்றுதான் கேட்பார். நல்ல லாட்ஜ்களிலேயே பலதில் கிடையாது. ஸ்டியரிங் மேல் காலைப் போட்டு, கொசுக்கடியில் தூங்கிவிட்டு, காலையில் கொடைக்கானல் மலை ஏற வேண்டும். எங்களிடம் கட்டில் உண்டு, குளிக்க வாளி உண்டு. அந்த எட்டுக் கட்டில்தான் கீழே இருக்கிற இருபத்திரண்டு ரூமையும் நிரப்பியது. உன் பள்ளிக்கூட ஃபீஸில் அதற்கும் பங்கு இருக்கிறது.

கார்த்திகை, மார்கழியில் ஆந்திரா, கர்நாடகா சாமிமார்கள் வேனில் வருவார்கள். அவர்களுக்கு ரூமே வேண்டாம், ஃப்ரெஷ்-அப் போதும். ஒரு ரூமை இரண்டு மணி நேரத்துக்கு எடுத்துப் பதினைந்து பேர் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சாவூர், செட்டிநாடு பார்த்துவிட்டு வந்து, தேக்கடிக்குப் போகிற வழியில் இங்கே ஒரு ராத்திரி. அவர்களுடைய பெரிய பஸ் மாசி வீதிக்குள் நுழையாது என்பதால் சைக்கிள் ரிக்‌ஷாவில் வரிசையாகக் கோவிலுக்குப் போய், ராத்திரி சொக்கர் பல்லக்கில் பள்ளியறைக்குப் போவதைப் பார்ப்பார்கள். காலையில் இட்லி, உடனே கிளம்பிவிடுவார்கள்.

தனியாக வருகிறவர்கள்தான் பாவம். மதுரை வீதி எப்படி? ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோவிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரம். எந்த மூலையில் நின்றாலும் ஒரே மாதிரி. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு கோவிலுக்குள் போனும் கிடையாது. ஒரு வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவர், பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தும்போது கூட்டத்தோடு இன்னொரு வாசலில் வெளியே வந்துவிடுவார். போன வைகாசியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, அறுபது வயசுக்கு மேல் இருக்கும், தார் ரோட்டில் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தார்கள். எந்தக் கோபுரம் என்று கேட்டால் "பெரிய கோபுரம்" என்கிறார் அந்த மனுஷன். நாலும் பெரிய கோபுரம்தானே! கையில் போன் இல்லாததால் எங்கள் லாட்ஜ் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா அழுதேவிட்டது. என் செருப்பை அதற்குக் கொடுத்து, கிழக்கு வாசல் வரை கூட்டிப்போய் மீட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து ரூம் சாவியோடு ஒரு கார்டும் கொடுக்கிறேன், பின்பக்கம் "எந்த வாசலில் செருப்பு விட்டீர்கள்?" என்று நாலு கட்டம் போட்டு. சின்ன முதலாளி சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

உன் வீட்டுப் படியில் ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டி இழுக்கிறவரை நினைத்தால் எனக்கு இந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறது. விமானம் தாமதமாக வந்திருக்கும். கவுண்டரில் ஆள் இல்லை, "மெதுவாத் தூக்கிட்டுப் போங்க, எல்லாரும் தூங்குறாங்க" என்று சொல்ல ஒருவரும் இல்லை. போனுக்கு வந்த ஒரு நம்பரை அழுத்திக் கதவைத் திறந்துகொண்டு போகிறார். லாட்ஜில் அது எங்கள் வேலை. சத்தம் போட்டால் ஏறிப்போய்க் கதவைத் தட்டுவேன். வெளிநாட்டார் என்றால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசாங்கத்துக்கு அனுப்பியாக வேண்டும். சாக்கடை அடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் என் சட்டையைப் பிடிக்கலாம். உங்கள் படிக்கட்டில் யார் சட்டையைப் பிடிப்பாய்? கோபம் அங்கே போக வேண்டியது தாயி.

இனி சொல்லப் போவதற்கு நீ என்னைக் கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது நீயும் தம்பியும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டீர்கள். மாடியில் டீச்சர் குடும்பம் ஒன்பதாயிரம் தருகிறது, அதையே ஏசி மாட்டி, கோபுரம் தெரிகிற ஜன்னலைப் படம் எடுத்துச் செயலியில் போட்டால் ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு வரும் என்று. தம்பி இன்னும் அதை விடவில்லை. நானும் உட்கார்ந்து நிஜமாகவே கணக்குப் பார்த்தேன். மாசத்தில் பதினைந்து நாள் ஆள் வந்தால் இருபத்தேழாயிரம். செயலிக்காரர் பங்கு, சலவை, கூட்டிப் பெருக்குகிற ஆள், கரண்ட் எல்லாம் போக எப்படியும் பதினேழு, பதினெட்டு நிற்கும். லாபம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், ரெட்டிப்பு லாபம். நம் சந்திலேயே மூன்று வீடு அப்படி மாறிவிட்டது. உங்கள் ஊர் வீட்டுக்காரரும் பொல்லாதவராக இருக்க வேண்டியதில்லை, நம்மைப் போல ஒரு பேனா எடுத்துக் கணக்குப் போட்டிருப்பார்.

ஆனால் கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று டீச்சர் பையனுக்குத்தான் தெரியும். மோட்டாரைப் போட்டுவிட்டு நான் தூங்கிப்போனால் அவன் வந்து நிறுத்துகிறான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பதினொரு நாள் சொட்டு மருந்து விட்டது அந்த டீச்சர், உன்னிடம் சொன்னேனே. ஒரு ராத்திரிக்கு வருகிறவரிடம் மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள் என்று கேட்க முடியுமா? கேட்கக் கூடாது, அவர் விருந்தாளி. சந்து முழுக்க விருந்தாளியாகிவிட்டால் மோட்டாரை யார் நிறுத்துவது?

அதனால் போன வாரமே டீச்சரைக் கூப்பிட்டு இன்னும் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வாடகையில் ஐந்நூறு ஏற்றினேன், அது நியாயம். நீ போன் பண்ணுவதற்கு முன்பே செய்தது, உன் அழுகைக்காகச் செய்ததில்லை. தம்பியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

டூரிஸ்ட் ஃபிளாட் உரிமம் 10,101-ஐயும் 2028 நவம்பரோடு புதுப்பிக்கமாட்டோம் என்று உங்கள் மேயர் 2024-லேயே அறிவித்தாரே, அதை நம்பி நீ காத்திருக்க முடியாது. உனக்கு வீடு அடுத்த மாசம் வேண்டும். ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகத்தில் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல், வாய்ச்சொல்லில் காலி பண்ணிவிடாதே. முன்பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கு. சாவி கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும், குழாயையும்கூட, போட்டோ எடுத்து வை. ரூமைக் காலி பண்ணுகிறவர்களிடம் நாங்கள் என்னென்ன சொல்லிப் பணம் பிடிப்போம் என்று எனக்குத் தெரியும். பணம் குறைந்தால் சொல், டீச்சர் கொடுத்த அட்வான்ஸ் அப்படியே இருக்கிறது.

புது வீடு கிடைத்ததும் எந்த மாடி, பஸ் எந்த நம்பர் என்று எழுது. வரைபடத்தில் இல்லாத பஸ்ஸாக இருந்தாலும் சரி, நாங்கள் வரும்போது நீ கூட்டிப்போவாய்தானே.

இப்போது மணி பதினொன்று. மோட்டார் சத்தம் நின்றுவிட்டது, பையன் இறங்கி வந்திருக்கிறான். விடிவதற்குள் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்துவிடும், நான் கவுண்டருக்குப் போக வேண்டும்.

அப்பா