தேய்ந்த புரொப்பல்லர் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் உடன் வைத்திருந்த புகைப்படங்களும் கிடைத்தன. வீட்டில் அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கும் அனைவரும் நலமே. படகைக் கரையேற்றியிருக்கிறீர்கள் என்பதையும், தேய்ந்துபோன புரொப்பல்லரை (படகை உந்தித் தள்ளும் சுழல்விசிறியை) பழுது பார்த்தாலே போதும் என்று பட்டறைக்காரரும், புதிது வாங்கிவிடலாம் என்று உங்கள் மகனும் ஆளுக்கொன்று சொல்வதையும் படித்தேன். இருவரும் தேய்மானம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அது எதனால் வந்தது என்று பார்த்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். பழுது பார்ப்பது என்றால் பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவருவது என்றே பொருள். அந்தப் பழைய வடிவமே உங்கள் படகுக்கும் எஞ்சினுக்கும் பொருந்தாததாக இருந்திருந்தால், காசைச் செலவழித்து அதே பொருத்தமின்மையை மறுபடியும் மாட்டியதாகிவிடும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தப் புரொப்பல்லர் புதிதாக இருந்தபோது, வழக்கமான முழுச் சுமையுடன் ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்தால், எஞ்சின் தன் தகட்டில் குறித்திருக்கும், நிமிடத்துக்கு 2400 சுற்றை எட்டியதா என்பதுதான். எட்டியிருந்தால் அது சரியான அளவு. எட்டாமல் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றிருந்தால், அது எஞ்சினின் சக்திக்கு மீறிய பாரம். தேய்ந்த பிறகு படகு முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்று சிலர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்; அவர்கள் கற்பனை செய்யவில்லை, அதிகப்படியாக இருந்த அளவைத் தேய்மானமே குறைத்துக் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை அக்கறையாகப் பழைய அளவுக்கு வளர்த்துக் கொடுத்தால் எஞ்சின் மறுபடியும் திணறும்.

இப்போது சுற்று சற்றுக் கூடுகிறது, வேகமோ குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நுனித் தேய்மானமே போதிய காரணம். ஒரே சுற்றில் புரொப்பல்லர் வாங்கிக்கொள்ளும் சக்தி, ஏறத்தாழ அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. 24 அங்குல விட்டத்தில் அரை அங்குலம் போனால் விட்டம் இரண்டு சதவீதம்தான் குறைகிறது. ஆனால் எஞ்சின் மீதுள்ள சுமை பத்து சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றுமில்லாதது போல் தெரியும் தேய்மானம் ஓட்டத்தில் இவ்வளவு தெரிவது இதனால்தான். குடத்தின், அதாவது இறக்கைகள் சேரும் நடுப்பகுதியின், மையத்திலிருந்து ஒவ்வொரு இறக்கையின் நுனிக்கும் அளந்து, நான்கு அளவுகளையும் எனக்கு எழுதுங்கள். நான்கும் ஒரே சீராகக் குறைந்திருப்பது வேறு, ஒன்று மட்டும் குறைந்திருப்பது வேறு. பின்னது அதிர்வுக்கும் காரணமாகும். அளப்பதற்கு முன் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) முழுவதையும் சுரண்டிவிடுங்கள். ஒட்டியிருக்கும் கொட்டலசே வேகத்தைக் குறைத்து அதிர்வையும் உண்டாக்கும் என்பதால், சுரண்டாத புரொப்பல்லரைப் பார்த்து யாரும் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது.

அடுத்தது குழிகள். உங்கள் இரண்டாவது புகைப்படத்தில், படகின் முன்பக்கத்தை நோக்கியிருக்கும் முகத்தில், நுனியை ஒட்டி, கறையான் அரித்தது போன்ற பொரிபொரியான இடம் ஒன்று தெரிகிறது. அது துரு அன்று. அந்த முகத்தில் நீரின் அழுத்தம் மிகவும் இறங்கும்போது, சாதாரண வெப்பத்திலேயே நீர் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. அவை சற்றுத் தள்ளி அழுத்தம் மிகுந்த இடத்துக்கு வந்ததும் உலோகத்தின் மேலேயே வெடித்து அடங்கி, ஒவ்வொரு அடியிலும் ஒரு துகளைப் பெயர்த்துக்கொண்டு போகின்றன. இந்தக் குழிகள் நான்கு இறக்கைகளிலும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, அல்லது முன்விளிம்பில் அடிபட்டு மடங்கிய அந்த ஒரே இறக்கையில், மடிப்புக்குப் பின்னால் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால், மடிப்பே நீரோட்டத்தைக் கெடுத்துக் குமிழிகளை உண்டாக்கியிருக்கிறது. மடிப்பை நிமிர்த்திக் குழியை நிரப்பினால் விஷயம் முடிந்தது. நான்கிலும் ஒரே இடத்தில் என்றால், எஞ்சினின் சக்திக்கு இறக்கைப் பரப்பு போதவில்லை, அல்லது நுனிக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை. அப்போது எத்தனை முறை வெல்டிங் செய்து நிரப்பினாலும் அதே இடம் மறுபடியும் அரித்துப்போகும்.

நீராவி டர்பைனை உருவாக்கிய பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் இதே குமிழிகளால் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். 1894-இல் அவர் நீரில் இறக்கிய டர்பீனியா என்ற படகு, எஞ்சினிலிருந்து வரும் ஒரு தண்டும் ஒரு புரொப்பல்லருமாக ஓடியபோது எதிர்பார்த்த வேகத்தின் அருகில்கூட வரவில்லை. குமிழிகளைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே அவர் 1895-இல் ஒரு சிறு நீர்த்தொட்டியைச் செய்து சோதித்து, பிறகு மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பல்லர்கள் என்று மாற்றினார். படகு 34 நாட் (மணிக்கு 34 கடல் மைல்) வேகத்தைத் தாண்டியது. அவருக்கு வேண்டியிருந்தது கூடுதல் இறக்கைப் பரப்பு. அதை எந்த வெல்டிங் பட்டறையும் பழைய புரொப்பல்லரில் கொடுத்திருக்க முடியாது.

இனி உலோகத்துக்கு வருகிறேன். ‘மாங்கனீஸ் வெண்கலம்’ என்று விற்பவர் சொல்லியிருப்பார். பெயர்தான் வெண்கலம், உண்மையில் அது செம்பும், ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குத் துத்தநாகமும் சேர்ந்த ஒரு பித்தளை. கடல்நீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, வடிவம் மாறாமல் பஞ்சு போன்ற செம்பு மட்டும் மிஞ்சும் நிலை வரக்கூடும். ஓரிடத்தில் உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள்: மஞ்சள் மினுமினுப்பு வந்தால் நல்லது, செம்பின் இளஞ்சிவப்பு வந்தால் கெட்டது. பிறகு புரொப்பல்லரைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒவ்வொரு இறக்கையையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல உலோகம் கணீரென்று ஒலிக்கும். கெட்டுப்போனது, அல்லது உள்ளே விரிசல் விட்டது, மொத்தையாக ஒலிக்கும். இந்தச் சோதனையில் தோற்ற புரொப்பல்லருக்கு ஒரு காசுகூடச் செலவு செய்யாதீர்கள். அந்த உலோகம் சூட்டையும் தாங்காது, சுத்தியலையும் தாங்காது. அதோடு, மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரித்துப்போவதற்கென்று தண்டில் மாட்டியிருக்கும் ஜிங்க் (துத்தநாக) கட்டி எந்த நிலையில் இருக்கிறது, படகின் மின்கம்பிகளில் எங்காவது கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வாங்குவதும் இதே வழியில்தான் போகும்.

உலோகம் நன்றாக இருந்தால், வெல்டிங் எங்கே வேண்டியிருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. நுனியிலும் விளிம்புகளின் வெளிப்பகுதியிலும் செய்யலாம். இறக்கை குடத்தோடு சேரும் அடிப்பகுதியில், அதிலும் நீரைத் தள்ளும் பின்முகத்தில், கூடவே கூடாது. முழு இழுவிசையும் அங்கேதான் விழுகிறது, கப்பல் தர நிர்ணய விதிகளும் அந்தப் பகுதியில் பொதுவாக வெல்டிங்கை அனுமதிப்பதில்லை. சிவப்புச் சாயத்தை ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, அடிப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழுந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. மாங்கனீஸ் வெண்கலத்தை வெல்டிங் செய்த பின், உள்ளே தங்கிய இறுக்கம் தளர, மறுபடியும் சூடேற்றி மெதுவாக ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சில மாதங்கள் கழித்துக் கடல்நீரில் தானாகவே விரிசல் விடக்கூடும். நிக்கல் அலுமினிய வெண்கலமாக இருந்தால் இந்தக் கவலை குறைவு.

பட்டறைக்காரர் திறமைசாலி என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கண்பார்வையில் நிமிர்த்துபவரா, ஒவ்வொரு இறக்கையின் பிட்ச்சையும் (வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரத்தையும்) பல இடங்களில் கருவி வைத்து அளப்பவரா என்று கேட்டுவிடுங்கள். ‘24 × 18’ என்று குடத்தில் குத்தியிருக்கும் எண், விட்டமும் பிட்ச்சும் அங்குலத்தில், பிறந்தபோது இருந்த அளவு; இரண்டு மூன்று முறை சுத்தியல் பட்ட புரொப்பல்லரில் ஓர் இறக்கை பதினேழரையும் மற்றொன்று பதினெட்டரையும் காட்டுவது சாதாரணம். பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எழுத்தில் கேளுங்கள். புரொப்பல்லர் செய்யும் துல்லியத்துக்கு ஐ.எஸ்.ஓ. 484 என்ற தரம், எஸ், 1, 2, 3 என்று நான்கு வகுப்புகளை வைத்திருக்கிறது. எந்த வகுப்புக்கு முடித்துத் தருவீர்கள் என்று கேட்டால், தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்.

அதிர்வைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் புரொப்பல்லர் மட்டும் காரணம் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். தண்டு வளைந்திருக்கலாம், தண்டைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம், தண்டை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங் கோணியிருக்கலாம். கரையில் இருக்கும்போதே தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் புஷ்ஷின் நிலை தெரிந்துவிடும். புரொப்பல்லரைக் கழற்றும்போது நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் சில புரிகளில் நிற்கவிட்டு, புல்லர் (பிடித்து இழுக்கும் கருவி) போட்டு இழுங்கள். திடீரென்று விடுபடும்போது அது காலில் விழாமல் நட்டு தடுக்கும். குடத்தின் உட்புறச் சரிவும், தண்டோடு பூட்டும் சாவி உட்காரும் சாவிக்காடியும் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். தண்டில் நீலச் சாயம் தடவிக் குடத்தை ஏற்றி இறக்கினால், எங்கெங்கே படுகிறது என்பது பளிச்சென்று தெரியும். சில இடங்களில் மட்டும் பட்டால், இறக்கைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் புரொப்பல்லர் தண்டில் உறுதியாக உட்காராது.

உங்கள் சிறு படகின் அவுட்போர்டில் (பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சினில்) இருக்கும் அலுமினியப் புரொப்பல்லரைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. சிறு வெட்டுகளை அரத்தால் சீர் செய்யலாம். இறக்கை மடங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். நிமிர்த்திய அலுமினியம் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. எஞ்சின் சீறுகிறது, படகு நகரவில்லை என்பது மட்டுமே குறை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும்.

புகைப்படங்களை வைத்துச் சொல்வதானால், குழி ஒரே இறக்கையில்தான் இருக்கிறது, நிறமும் மஞ்சளாகத்தான் தெரிகிறது. ஆகவே பழுது பார்க்கும் பக்கம்தான் நான் சாய்கிறேன். தட்டிப் பார்த்த ஒலியோ, சாயச் சோதனையோ, அந்த 2400 சுற்றோ இதற்கு எதிராகச் சொன்னால் உங்கள் மகன் சொல்வதே சரி. அப்போதும் பழைய எண்ணையே பார்த்துப் புதிதுக்கு ஆர்டர் சொல்லிவிடாதீர்கள். படகின் எடை, எஞ்சினின் குதிரைசக்தி, கியர் விகிதம் மூன்றையும் கொடுத்துப் புதிதாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பழையதின் உலோகம் நன்றாக இருந்தால் நிமிர்த்தி மாற்றாக வைத்துக்கொள்ளலாம். நுனி அளவுகள் வந்ததும் விட்டக் கணக்கை நானும் போட்டு அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்