கும்பகோணக் கட்டுரையும் எங்கள் தோட்டத்துக் கோயிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த கும்பகோணம் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஆதிகும்பேஸ்வரர், சாரங்கபாணி, மகாமகக் குளம் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு வரி: "மலையகத்தவர்கள் ஒரு தடவையாவது இங்கே வந்து, உண்மையான கோயில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்." நல்லது ஐயா. இவ்வளவு காலமும் நாங்கள் பொய்க் கோயிலில்தான் பொங்கல் வைத்திருக்கிறோம் போலிருக்கிறது.

தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்கிறோமே என்று கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை. அந்த மக்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2023இல் அதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனபோது, உங்கள் பத்திரிகையில் அது உள்பக்க மூலையில்தான் வந்தது. சொல்லாமல் வைத்திருந்தேன், இப்போது சொல்லிவிட்டேன்.

டிகிரி காப்பிக்கு ஒரு முழுப் பத்தி. பக்கத்திலேயே இருக்கும் தாராசுரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் ராசராசன் கட்டிய கோயில், 2004இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. சரி, அவருக்குக் காப்பி பிடித்திருக்கிறது. எங்கள் பாட்டன்மாரையும் முதலில் கோப்பித் தோட்டத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆரம்பத்தில் மரத்தடிக் கல்லும் சூலமும்தான். அப்புறம் தகரக் கூரை. பிறகு செக்ரோலில், அதாவது தோட்டச் சம்பளப் பதிவேட்டில், பிடித்த கோயில் சந்தாவில் சுவரும் சின்னக் கோபுரமும் எழும்பின. கொழுந்து பறிக்கிற பெண்களின் காசு அது. அந்தக் காசைச் சேர்த்துத்தான் உற்சவ அம்மன் செய்விக்கச் சுவாமிமலைக்குப் போனோம். கமிட்டியில் நானும் ஒருவன்.

அந்தச் சுவாமிமலையைக் கட்டுரையாளர் "அச்சில் வார்க்கிறார்கள்" என்று முடித்துவிட்டார். ஒரே அச்சில் வரிசையாகத் தள்ளுவதற்கு அது என்ன பிளாஸ்டிக் பொம்மையா? தென்னோலை நறுக்கை மடித்து அளவு எடுத்து, குங்கிலியம் கலந்த மெழுகில் முதலில் அம்மனை உருவாக்குகிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரு மண்கூட்டுக்கு ஒரு சிலைதான். உளிவேலை அதற்குப் பிறகு. பட்டறைப் பெரியவர் எங்களைப் பார்த்து, "கண்டிச் சீமையா? எங்க பாட்டன் வழியிலயும் அங்க போனவங்க உண்டு" என்றார். எங்கள் கோயில் உண்மையானதா என்று அவர் கேட்கவில்லை.

மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை. மாத்தளை முத்துமாரியம்மனுக்கு ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர் வீதிக்கு வருகிறது. 1983 கலவரத்தில் அந்தக் கோயிலும் தாக்கப்பட்டது. அதற்குப் பிறகும் தேர் ஓடுகிறது. ஒரு தடவை நிருபரை அனுப்பிப் பாருங்கள்.

இனி என் வேண்டுகோள். இந்தியாவிலிருந்து சிலை கொண்டுவர, அது பழங்காலப் பொருள் அல்ல என்று அந்நாட்டுத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் வேண்டும். பட்டறை ரசீது போதாது என்று, புத்தம்புது அம்மனை விமான நிலையத் தரையில் இறக்கிவைத்து, எங்கே களவெடுத்தீர்கள் என்கிற தோரணையில் எங்களை விசாரித்தார்கள். அடுத்த மகாமகம் 2028இல். அதற்குப் போகும் கோயில் கமிட்டிக்காரர்கள் பலரும் சிலை வாங்காமல் திரும்பமாட்டார்கள். இந்தச் சான்றிதழ் விஷயத்தை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் போதும். கடிதத்தைச் சுருக்குவதானால் மற்றதை வெட்டுங்கள், இதை வெட்டிவிடாதீர்கள். போன தடவை நான் எழுதியதில் வணக்கமும் ஊர்ப்பெயரும்தான் அச்சில் மிஞ்சின.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மாத்தளை.