விளையாட்டு விழாவில் பேசப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

விளையாட்டு விழாவில் இனவெறியைப் பற்றிப் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசவேண்டும் என்று சொன்னாய். 1936 பெர்லின் ஒலிம்பிக், அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். நீயும் அங்கேயே தொடங்கு, தப்பில்லை. நாலு தங்கத்தோடு கதையை முடித்துவிடாதே மக்களே, அவ்வளவுதான்.

100 மீட்டர், நீளம் தாண்டுதல், 200 மீட்டர், தொடர் ஓட்டம். ஹிட்லர் முன்னால் கறுப்பர் ஜெயித்தார் என்றதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டி முடித்ததும் மிச்சத்தைச் சொல். அந்தத் தொடர் ஓட்டத்தில் ஓட வேண்டிய மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் என்ற இரண்டு யூத வீரர்களைக் கடைசி நேரத்தில் நிறுத்தியது அமெரிக்கப் பயிற்சியாளர்கள்தான். நியூயார்க்கில் ஓவன்ஸுக்கு விருந்து கொடுத்த ஓட்டலில், அவரைச் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் மேலே அனுப்பினார்கள். 200 மீட்டரில் அவருக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கிய மேக் ராபின்சன், ஊருக்குத் திரும்பித் தெருக்கூட்டினார். அவருடைய தம்பி ஜாக்கி ராபின்சன், கறுப்பருக்கு மூடியிருந்த பெரிய பேஸ்பால் லீக்குக்குள் நுழைய 1947 ஏப்ரல் 15 வரை ஆனது. நீளம் தாண்டுதலில் எதிர்த்து நின்ற ஜெர்மானியர் லூஸ் லாங், எங்கிருந்து தாண்டவேண்டும் என்று ஓவன்ஸுக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அது உறுதியில்லாதது, விட்டுவிடு. தோற்ற லாங் எல்லார் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தியது நடந்த விஷயம், அது போதும்.

அதே 1936-ல், நவம்பர் 12 அன்று, ஒடுக்கப்பட்ட சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற கோயில் நுழைவுப் பிரகடனம் திருவிதாங்கூரில் வந்தது. நம்ம நாஞ்சில் நாடு அன்றைக்குத் திருவிதாங்கூரில்தான் இருந்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் அவர்கள் நடக்கவே 1926-ல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் 1859-ல், தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு வந்த அரச ஆணையை நினைத்துப் பார். நாடார் பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்றது அது. உரிமை பாதி பாதியாகத்தான் வரும். எந்தப் பாதியைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டார்கள் என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கு. ஓவன்ஸுக்கு மெடல் கிடைத்தது, முன்வாசல் லிஃப்ட் கிடைக்கவில்லை.

அமெரிக்காவிலேயே நின்றுவிட்டால், அது யாரோ செய்த தப்பு என்று பிள்ளைகள் நிம்மதியாகிவிடும். அதனால் பல்வங்கர் பாலூவைச் சொல். தலித், கிரிக்கெட்டில் இடக்கைச் சுழல்பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நாலு ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டி, வலை கட்டி, மணிக்கணக்காகப் பந்து போட்டார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. மதத்துக்கு ஒரு அணி என்று ஆடிய காலம் அது. பிறகு இந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்தார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலூவுக்கு வெளியே, குடித்ததும் வீசிவிடுகிற மண் குவளை. அவர் தொட்ட பந்தைத் தொடலாம், அவர் தொட்ட கோப்பையைத் தொடக்கூடாது. 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகும் இந்து அணியின் தலைவர் பதவி அவருக்கு வரவில்லை. தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் வந்தது. இதைச் சொல்லும்போது சாமித்தோப்பு முத்திரிக் கிணற்றையும் சொல்லு. பாலூ பிறப்பதற்கு முன்பே, எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைகுண்டசாமி வழி செய்துவிட்டார்.

தலைமைப் பதவிதான் எங்கேயும் கடைசியாக வருகிறது. பிள்ளைகளுக்கு ரக்பியைவிட கிரிக்கெட் சட்டென்று புரியும். தென்னாப்பிரிக்கா 1889-லிருந்து டெஸ்ட் ஆடுகிறது. கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் அந்த நாட்டுக்கு அடித்த முதல் டெஸ்ட் சதம் 2016-ல், தெம்பா பவுமா அடித்தது. அதே பவுமா தலைவராக நின்று 2025-ல் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன் பட்டத்தை வாங்கினார். 1995 ரக்பி உலகக் கோப்பை இறுதியில் மண்டேலா, தென்னாப்பிரிக்க அணித்தலைவரின் ஆறாம் எண் சட்டை போட்டு வந்ததையும் சொல். அந்த அணியில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான் என்பதைச் சேர்த்தே சொல்.

ஜெயித்த நாளை வைத்து எதையும் அளக்காதே. 2021 டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஓர் இந்தியப் பெண் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்தது அதுதான் முதல் தடவை. சில நாளில் அரையிறுதியில் இந்தியா தோற்றதும், ஹரித்வார் பக்கத்தில் அவர் வீட்டு முன்னால் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் யூரோ கால்பந்து இறுதியில் பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் ராஷ்ஃபோர்டு, சான்சோ, சாக்கா மூவரையும் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள்.

பேச்சுக்கு ஒரே ஒரு படம் போதும்: 1968 மெக்சிகோ ஒலிம்பிக், 200 மீட்டர் ஓட்டத்தின் பதக்க மேடை. அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் இருவர் இனவெறியை எதிர்த்துக் கை உயர்த்திய படம். பெரிதாக அச்சடித்து, இரண்டு நிமிடம் ஒன்றும் சொல்லாமல் பார்க்கவிட்டு, கண்ணில் பட்டதை எழுதச் சொல். டாமி ஸ்மித்துக்கு வலக்கை உயர்ந்திருக்கும், ஜான் கார்லோஸுக்கு இடக்கை. ஒரே ஜோடி கையுறையைப் பங்குபோட்டதால் அப்படி. காலில் ஷூ இல்லை, கறுப்புச் சாக்ஸ் மட்டும், அது வறுமைக்கு. கை உயர்த்தாத ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனின் நெஞ்சிலும், அவர்கள் இருவரும் குத்தியிருக்கிற அதே மனித உரிமை பேட்ஜ் இருக்கும். அதை அநேகமாக எந்தப் பிள்ளையும் எழுதாது. அதை அவர்களையே தேட வை. 2006-ல் நார்மன் இறந்தபோது பெட்டி சுமந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும் என்பதைக் கடைசியில் சொல்.

பேசிவிட்டு மறுநாள் நீ பிள்ளைகளை அணிக்கு எடுக்கும்போது பழையபடி எடுத்தால், பேசியது வீண். அணித் தேர்வில் பெயர் கூப்பிடாதே, சட்டையில் எண் ஒட்டு. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். பக்கத்தில் உட்கார்ந்து போட்டால் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் போட்டுவிடுவார். "எந்த ஊர், எந்தத் தெரு" என்ற கேள்வி மைதானத்தில் வேண்டாம். முதல் சுற்று ஆட்டங்களில் கேப்டனை மாற்றிக்கொண்டே இரு. இல்லாவிட்டால் மேடையில் நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கே அது போகும். வலை சுமக்கிறவர்கள், தண்ணீர் கொண்டு வருகிறவர்கள் யார் என்று ஒரு மாதம் குறித்து வை. ஒரே மூன்று பேர் பெயர் வந்தால் எண் வரிசைப்படி மாற்று. தூத்தூர், சின்னத்துறைக் கடற்கரைப் பிள்ளைகள் பந்தோடேயே வளர்கிறவர்கள். அவர்களையே "கடப்புறத்துப் பையன்" என்று சிலர் சொல்கிற தொனி உனக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு வார்த்தை உன் மைதானத்தில் விழுந்தால் அப்போதே விசில் ஊது. சொன்ன வார்த்தையை மாற்றாமல், சுருக்காமல் அன்றைக்கே பதிவேட்டில் எழுது. "தகாத வார்த்தை" என்று எழுதி வைத்தால், அடுத்த வாரம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

படத்தை ஏ3 தாளில் அடி. பின்வரிசைப் பிள்ளைக்கு அந்த பேட்ஜ் தெரியாமல் போகக்கூடாது.

அம்மா
நாகர்கோவில்