மருந்தின் அளவையும் பதிவு செய்யுங்கள்: புற்றுநோய்ப் பதிவேட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் புதிய ஆண்டறிக்கையைப் படித்தேன். புற்றுநோய் கண்ட குழந்தைகளில் ஐந்தாண்டுகளைக் கடந்தவர்களின் விகிதம் உயர்ந்திருப்பதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். அந்த விகிதத்துக்குள் என் மகளும் அடக்கம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சிறுவயதில் எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டவள் அவள். இப்போது கருவுற்றிருக்கிறாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதய மருத்துவர் முதலில் கேட்டதே, "டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏற்றினார்கள்?" என்றுதான். புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோதெரபி மருந்து அது. சிகிச்சை தந்த மருத்துவமனையில் பழைய கோப்புகளை அழித்துவிட்டார்களாம். உங்களுக்கு எழுதிக் கேட்டோம். நீங்கள் அனுப்பிய தாளில் பிறந்த தேதி, நோய் கண்ட தேதி, கட்டி இருந்த இடம் எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. கீமோதெரபி என்ற கட்டத்தில் 'ஆம்' என்று மட்டும் இருந்தது. கடைசிக் கட்டத்தில், 'உயிருடன் உள்ளார்'.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன செய்வார்? அந்த மருந்தின் மொத்த அளவு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தொட்டாலே பிற்காலத்தில் இதயத் தசை பலவீனமாகும் அபாயம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் மகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று சொல்ல ஆளில்லை.

குழந்தைப் புற்றுநோய்கள் அரியவை. ஒரு மருத்துவமனையின் கணக்கை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதால்தானே இத்தனை பெரிய தரவுத்தளம்? வட அமெரிக்காவில் 1970 முதல் நோய் கண்டு மீண்ட குழந்தைகளின் மருந்து அளவையும் கதிர்வீச்சு அளவையும் மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து தோண்டி எடுத்து, பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கதிர்வீச்சைக் குறைத்துச் சிகிச்சை பெற்ற பிற்காலக் குழந்தைகளிடம் நோய் கண்டு ஐந்தாண்டுகளுக்குப் பின் நேரும் தாமத மரணங்கள் குறைந்ததை அந்தக் கணக்குதான் காட்டியது. 'ஆம்', 'இல்லை' என்று நிரப்பிய கட்டங்களிலிருந்து இப்படி ஒரு முடிவு பிறந்திருக்குமா?

அளவைப் பதிவு செய்யாததற்குக் காரணம் பணிச்சுமை என்கிறீர்கள். தனியுரிமை என்கிறீர்கள். ஆய்வாளர்களுக்குப் பெயரை நீக்கித் தரவு கொடுக்கும் வழி உங்களிடமே இருக்கிறது. அந்த வழியில் மருந்தின் அளவு மட்டும் ஏன் போகக் கூடாது? ஐந்தாண்டுக் கோட்டைத் தாண்டியதும் குழந்தை உங்கள் கணக்கில் தீர்ந்துபோகிறது. பதினெட்டு வயதில் குழந்தைகள் பிரிவும் கோப்பை மூடிவிடுகிறது. அதன்பிறகு அந்த உடம்புக்கு நேர்வதெல்லாம் யார் ஏட்டிலும் ஏறுவதில்லை. பிழைத்தவர்களை எண்ணிப் பெருமைப்படுகிறவர்கள், எப்படிப் பிழைத்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டாமா?

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது ஒன்றுதான்: மருந்தின் மொத்த அளவையும் கதிர்வீச்சின் அளவையும் பதிவு செய்யுங்கள். அடுத்த படிவத்திலேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள். ஏற்கெனவே மீண்டவர்களின் கோப்புகள் இன்னும் அழியாமல் இருக்கும் மருத்துவமனைகளுக்கு, அவற்றை அழிக்கும் முன் இந்த அளவுகளை உங்களுக்கு அனுப்பச் சொல்லி இந்த மாதமே கடிதம் எழுதுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதிவேட்டில் உள்ள ஒரு பெண்ணின் தாய்