மிடியா, ஆடியோவா?

மச்சான்,

பாட்டுக்குப் பின்னணி இசையை மிடியா வெச்சுக்கணுமா, ஆடியோவான்னு நீ கேட்டு மூணு மாசமாச்சு. திட்டுறதை நேர்ல வெச்சுக்கோ, இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

பாடறவங்க ஸ்ருதியைக் கடைசி வரைக்கும் மாத்திக்கிட்டே இருந்தா, கையில மிடி, அதாவது எந்த நோட்டை எப்போ வாசிக்கணும்னு கீபோர்டுக்கோ கம்ப்யூட்டருக்கோ சொல்ற ஃபைல், இருந்தே ஆகணும். ஆனா பாட்டை மொத்தமா செலக்ட் பண்ணி ரெண்டு செமிடோன் (அரை ஸ்வரம்) ஏத்திடாதே! மிடியில வாத்தியங்களுக்குன்னு தனித்தனி சேனல் இருக்கு, அதுல பத்தாவது டிரம்ஸ். அங்க நோட் நம்பர்தான் வாத்தியம்: 36 கிக் (கால்ல அடிக்கிற பெரிய டிரம்), 38 ஸ்னேர் (குச்சியால அடிக்கிற சின்ன டிரம்). ரெண்டு ஏத்தினா கிக் விழற இடமெல்லாம் ஸ்னேர் படபடக்கும், மூடின ஹைஹாட் (ஜோடித் தட்டு) 42-லேருந்து 44-க்குப் போய் பெடல் ஹைஹாட் ஆயிடும். தாளத்தைக் கெடுத்தது யாருன்னு பஞ்சாயத்து வேற நடக்கும். பத்தை விட்டுட்டு மத்ததை ஏத்து.

டெம்போவும் (பாட்டோட வேகம்) அப்படித்தான். நிமிஷத்துக்கு 96 அடியை 84-க்கு இறக்கினா மிடியில எதுவும் சிதையாது. ஆடியோவை அவ்வளவு இழுத்தா முதல்ல டிரம்ஸ் அடியோட முனை மழுங்கிடும்.

அப்போ மேடைக்கும் மிடியேன்னு துள்ளாதே. அந்த ஃபைல்ல சத்தமே கிடையாதுடா, உத்தரவு மட்டும்தான். 1991-ல வந்த ஜெனரல் மிடிங்கிற பொது விதி 128 வாத்தியத்துக்கு நம்பர் கொடுத்துச்சு. 49-ன்னா ஸ்ட்ரிங்ஸ். அது உருகுமா, பொம்மை ஆர்கன் மாதிரி இழுக்குமாங்கிறது அங்க இருக்கிற கீபோர்டோட இஷ்டம். சில சாஃப்ட்வேர் பூஜ்யத்துலேருந்து எண்ணும், அங்க அது 48. பாட்டை நடுவுலேருந்து போட்டா, ஆரம்பத்துல இருக்கிற புரோகிராம் சேஞ்சை (எந்த வாத்தியம்னு சொல்ற உத்தரவு) சில பிளேயர் படிக்காது. புல்லாங்குழல் பியானோவா வரும்.

அதனால வீட்டுல மிடி, மேடையில ஆடியோ. ஸ்ருதி முடிவானதும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (சுருக்காத ஆடியோ ஃபைல்) எடு. ஸ்டீரியோன்னா நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி. எம்பி3 வேண்டாம், என்கோடர் (எம்பி3-ஆ சுருக்கற சாஃப்ட்வேர்) முன்னாடி துளி மௌனம் சேர்க்கும், லூப் போட்டா விக்கும். கடைசி நோட்டுக்கு அப்புறம் 4 செகண்ட் விடு, இல்லேன்னா ரிவெர்ப் வால் (மெல்ல அடங்குற எதிரொலி) அறுபடும். ஒரு செமிடோன் மேல, ஒண்ணு கீழன்னு ரெண்டு காப்பி கூடவே எடுத்து, ஃபைல் பேர்லயே ஸ்ருதியும் டெம்போவும் எழுதிடு. தொண்டை கட்டின அன்னிக்கு நீயே கும்பிடுவே.

டிரம்ஸ், பேஸ், மிச்சம்னு மூணு ஸ்டெம் (தனித்தனி ஆடியோ ஃபைல்) போதும், மூணும் பாட்டோட முதல் பார்லேருந்தே (முதல் தாளச் சுற்று) தொடங்கணும். பேஸை ஏன் தனியா எடுக்கணும்னு கேட்பே. நம்ம பேஸ்காரர் ஒருநாள் வந்தாலும் வந்துடுவாருடா, அன்னிக்கு அதை மட்டும் மியூட் பண்ணிக்கலாம்.